ஹிவ்ரே பஜாரில் ஒரு மில்லிமீட்டர் மழை

புனேவிலிருந்து அகமதுநகர் போகும் சாலையில், ஷிரூர் தாண்டி ஒரு டீக்கடை ஓரமாக எங்கள் சிவப்பு பஸ் நின்றது. எதிரே நின்ற லாரியின் முகப்பில் தமிழ் எழுத்து. பதிவெண் டிஎன் 34. ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி.

தமிழில் பேச்சுக் கொடுத்ததும் பையன்களின் முகம் மலர்ந்துவிட்டது. ஊரை விட்டு வந்து நான்கு மாதம் ஆகிறதாம். "எங்க போனாலும் ஆயிரம் அடி கேக்கறாங்கண்ணா" என்றான் ஒருவன். எனக்கு அது புதிதல்ல. காங்கேயம் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் அப்பா முதலில் போட்ட போர் 350 அடி. அடுத்தது 800. மூன்றாவது 1,100 அடி போய் வெறும் புழுதியாகப் பறந்தது. அன்றைக்கு அம்மா வாசலில் உட்கார்ந்திருந்த கோலத்தை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் தண்ணீரைக் கணக்குப் போட்டுச் செலவழிக்கிற ஹிவ்ரே பஜார் என்ற இந்த மகாராஷ்டிரக் கிராமத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று கிளம்பியும் வந்துவிட்டேன்.

அகமதுநகருக்கு இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து ஹிவ்ரே பஜார் 17 கிலோமீட்டர். சஹ்யாத்ரி மலை மேகத்தையெல்லாம் மேற்கே பிடித்து வைத்துக்கொள்வதால் இந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் பெய்தால் நல்ல வருடம். எங்கள் காங்கேயத்தில்கூட இதைவிட அதிகம் பெய்யும்.

ஜனவரி மாதம். ஊருக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் வெங்காயம், கோதுமை, முற்றிக்கொண்டிருந்த சோளம். ஆட்டோவில் வந்த வழியெல்லாம் வெளிறிக் கிடந்த குன்றுகளைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு, இங்கே மலைச்சரிவில் நின்ற மரங்களை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஊராட்சி அலுவலகத்தில் சொன்னதும் ஒரு பெரியவரை என்னோடு அனுப்பினார்கள். அங்கே மற்றவர்கள் கூப்பிட்டதைப் பார்த்து நானும் காகா, அதாவது சித்தப்பா, என்றே கூப்பிட்டேன். என் அரைகுறை இந்திக்கும் அவருடைய மராத்தி கலந்த இந்திக்கும் நடுவே பேச்சு ஓடியது. முதலில் மலைக்குத்தான் கூட்டிப்போனார். சரிவின் குறுக்கே, சம உயரத்தில், வரிவரியாக வெட்டிய அகழிகள். ஓடிவரும் மழைநீர் ஒவ்வொரு அகழியிலும் நின்று மண்ணுக்குள் இறங்கும். அதையும் தாண்டி வருவதைக் கீழே ஓடையில் கட்டிய தடுப்பணைகளும் கசிவுநீர்க் குட்டைகளும் பிடித்துக்கொள்ளும்.

இதைச் செய்யக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். 1972 வறட்சியில் மகாராஷ்டிர அரசு தொடங்கிய வேலை உறுதித் திட்டம்தான் பெரும்பாலும் கூலி கொடுத்திருக்கிறது. நம்முடைய நூறு நாள் வேலைக்கு அதுதான் முன்னோடி. ஊர்க்காரர்கள் கூலி வாங்காமல் செய்த சிரமதானமும் சேர்ந்தது.

அதற்கு முந்தைய கதையைக் காகா மரத்தடியில் உட்கார்ந்து சொன்னார். மலையில் மரத்தையெல்லாம் வெட்டிவிட்டார்கள். மண் அரித்துப் போயிற்று. கிணறுகள் தீபாவளிக்குள் வற்றிவிடும். ஊருக்குள் சாராயம், சண்டை. பிழைக்க வழியில்லாமல் மும்பைக்கும் புனேவுக்கும் போனார்கள். 1989இல் இளைஞர்கள் கூடி, ஊரில் முதுகலை படித்திருந்த போபட்ராவ் பவாரை ஊராட்சித் தலைவராக்கினார்கள். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1995இல் 168 குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்த ஊரில், பிறகு அந்த எண்ணிக்கை மூன்றாகக் குறைந்தது. போனவர்களில் பல குடும்பங்கள் திரும்பி வந்தன.

ஊர் தனக்குத்தானே சில தடைகளைப் போட்டுக்கொண்டது. மராத்தியில் எல்லாவற்றையும் 'பந்தி' என்கிறார்கள். குற்ஹாட் பந்தி என்றால் கோடாரிக்குத் தடை, மரம் வெட்டக்கூடாது. சராய் பந்தி என்றால் ஆடுமாடுகளை மலையில் அவிழ்த்துவிடக்கூடாது. புல்லை அறுத்துக்கொண்டு வந்து வீட்டில் போடலாம். நஷா பந்தி மதுவுக்கு. நஸ்பந்தி என்று குடும்பக் கட்டுப்பாடும் அந்தப் பட்டியலில் உண்டு. அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, ஊர் சேர்ந்து ஒரு வீட்டுக்குள் எட்டிப்பார்க்கிற விஷயம் அது. மேய்ச்சல் தடையைப் பற்றிக் கேட்டபோது காகாவின் குரல் கொஞ்சம் மாறியது. நிலமில்லாமல் ஆட்டை நம்பி இருந்தவர்களுக்கு அது சுலபமாக இல்லை என்று மட்டும் சொன்னார். மலையில் புல் வளர்ந்த பிறகு ஆடு குறைந்து கறவை மாடு பெருகியது. 90களின் நடுவில் நாளைக்கு 150 லிட்டராக இருந்த பால், 4,000 லிட்டர் அளவுக்குப் போனது.

நான் வந்ததே இன்னொரு தடையைப் பார்க்கத்தான். விவசாயத்துக்கு போர் போடக்கூடாது. கிணறு மட்டும்தான்.

காகாவின் கிணற்றில் எட்டிப் பார்த்தேன். அகலமான வட்டக் கிணறு. 20 அடியில் தண்ணீர், அதில் வானம் தெரிந்தது. கிணற்றுச் சுவரே பாடப் புத்தகம் மாதிரி இருந்தது. மேலே கரிசல் மண், அதற்கடியில் உதிர்ந்து மக்கிய பாறை, அதற்கும் கீழே கருங்கட்டியான எரிமலைப் பாறை. தக்காணத்தின் இந்தப் பகுதி முழுக்க அந்தக் காலத்து எரிமலைக் குழம்பு உறைந்த பூமிதான். மழைத் தண்ணீரை மக்கிய பாறை பஞ்சு மாதிரி பிடித்து வைத்திருக்கும். ஊரிலுள்ள எல்லாக் கிணறுகளுக்கும் அந்த ஒரே பஞ்சுதான். ஒருவர் அதைத் துளைத்துக் கீழே போய், ராவும் பகலும் மோட்டார் ஓட்டினால் பக்கத்துக் கிணறு காலி. எங்கள் ஊரில் பாறை வேறு, ஆனால் கணக்கு இதேதான். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எத்தனை அடி என்று மட்டும்தான் கேட்டோம்.

அப்புறம் தண்ணீர்க் கணக்கு. மழைமானியில் ஒவ்வொரு மழையையும் குறித்துக்கொள்கிறார்கள். சில கிணறுகளில் நீர்மட்டம் அளக்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் கிராம சபை கூடுகிறது. ஊரின் பரப்பு சுமார் 976 ஹெக்டேர். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர். அப்படியென்றால் ஊர் முழுக்க ஒரு மில்லிமீட்டர் பெய்தால் கிட்டத்தட்ட ஒரு கோடி லிட்டர்! அந்தக் கணக்கை நான் அங்கேயே போனில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். ஆவியாவது, ஓடிப்போவது போக மிஞ்சியதில் மனிதருக்கும் மாட்டுக்கும் குடிக்க முதலில் ஒதுக்குகிறார்கள். மீதியில் 70 சதவீதம் பாசனத்துக்கு. 30 சதவீதத்தைத் தொடுவதில்லை, அது நிலத்தடியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். மழை குறைந்த வருடம் கோதுமையைக் குறைத்துக்கொண்டு கொண்டைக்கடலை போடச் சபையே சொல்லிவிடும்.

கரும்புக்கும் வாழைக்கும் இடமில்லை. கரும்புக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும், வானம் தருவதோ 400. இதே மாவட்டத்தில் பிரவராநகரில்தான் 1950இல் மகாராஷ்டிரத்தின் முதல் கூட்டுறவு சர்க்கரை ஆலை ஓடத் தொடங்கியது. மாவட்டமே கரும்பில் செழித்ததைப் பார்த்துக்கொண்டே, எங்களுக்கு வேண்டாம் என்று ஒரு சின்ன ஊர் சொல்லியிருக்கிறது.

மண்வேலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய. அகழியும் தடுப்பணையும் எங்கேயும் வெட்டலாம், எங்கள் பக்கமும் வெட்டினோம். சேர்ந்த தண்ணீரை யார் எவ்வளவு எடுப்பது என்று ஊர் கூடிப் பேசியதில்லை. வித்தியாசம் அங்கேதான் என்று எனக்குப் படுகிறது. இங்கே ஆயிரத்துச் சொச்சம் பேர்தான், நல்ல தலைமை வாய்த்தது, அரசுத் திட்டங்களும் வந்து சேர்ந்தன, எல்லாம் உண்மை. ஆனாலும் கணக்கு எழுத அவ்வளவு பெரிய செலவொன்றும் இல்லையே.

மதியம் காகா வீட்டில் பாக்ரி என்கிற சோள ரொட்டி, கடலைமாவுப் பிட்லா, பச்சை மிளகாயும் பூண்டும் இடித்த டேச்சா. சாப்பிடும்போது கேட்டேன்: "ஒருத்தர்கூடவா ஒளித்து போர் போடவில்லை?"

"ரிக் வண்டி ரோட்டில்தானே வரவேண்டும்? ஓட்டினால் ஊருக்கே சத்தம் கேட்குமே" என்றார் அவர். அவர் மனைவி காகி இன்னொரு பாக்ரியை என் தட்டில் போட்டார்.

சாயங்காலம் அகமதுநகர் பஸ் நிலையத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். கிணற்றைச் சொன்னேன், 20 அடியைச் சொன்னேன், கரும்பைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் அதையேதான் கேட்டார்.

"அத்தனை பேருமா கட்டுப்பட்டு இருக்கறாங்க? ஒருத்தன்கூடவா போடலே கண்ணு?"

காகா சொன்னதைச் சொன்னேன்.

"நம்மூர்லயும் சத்தம் கேக்கத்தான் செய்யுது" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் கோழி கத்துவது கேட்டது. "சரி கண்ணு, மும்முனைக் கரண்ட் வந்துருச்சு, மோட்டார் போட்டுட்டு வர்றேன். அந்தக் கணக்கு எப்படிப் போடறாங்கன்னு மட்டும் எழுதிட்டு வா."