பச்சைக் குழந்தைக்கு விழித்திரைப் படம்: காரைக்குடிப் பக்கத்துப் பெற்றோருக்கு

"பிள்ளை கண்ணு பூனைக்கண்ணு மாதிரி மின்னுது" என்று வீட்டில் யாராவது சொன்னால், முதலில் கைப்பேசியில் இருக்கும் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். புதுமை, காதுகுத்து, பிறந்தநாள் என்று ஃபிளாஷ் போட்டு எடுத்தவை நம் வீடுகளில் நிறையவே இருக்கும். இரண்டு கண்ணின் பாப்பாவும் (நடுவில் கருப்பாகத் தெரியும் கண்மணி) ஒரே மாதிரிச் சிவப்பாகத் தெரிய வேண்டும். ஒன்று சிவந்தும் ஒன்று வெளுத்தும் இருந்தால் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுக்கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் 5 வயதுக்குள் வருவது இது. கண்புரையிலும் பாப்பா வெளுக்கும். குழந்தையின் கண் மூக்குப் பக்கமாகச் சுமார் 15 டிகிரி திரும்பியிருந்தால், பார்வை நரம்பின் தலையில் ஒளி பட்டு நல்ல கண்ணும் வெள்ளையாகப் படத்தில் விழும். எது எது என்று வீட்டில் முடிவு கட்ட வேண்டாம்.

மறுபடி எடுத்துப் பார்ப்பதானால் முற்றத்தில் வைத்து எடுக்காதீர்கள், அந்த வெயிலில் பாப்பா சுருங்கிவிடும். இருட்டான உள்ளறையில், செந்நிறக் கண்ணைக் குறைக்கும் வசதியை அணைத்துவிட்டு, நேராகவும் பக்கவாட்டிலும் பார்க்க வைத்து எடுங்கள். ஓரத்துக் கட்டி பக்கவாட்டுப் பார்வையில்தான் பிடிபடும். மாறுகண்ணும் இதன் அறிகுறிதான். "மாறுகண் யோகம்" என்று அப்பத்தா சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

இந்தக் கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதிக்க மாட்டார்கள். குத்தினால் புற்றணுக்கள் கண்ணுக்கு வெளியே பரவும் ஆபத்து உண்டு. கண்ணுக்குள் பார்ப்பது, படம், ஸ்கேன் இவற்றை வைத்தே நோயை முடிவு செய்கிறார்கள். அதனால் படம் சரியாக எடுக்கப்பட வேண்டும். சாதாரண விழித்திரைக் கேமரா சுமார் 45 டிகிரி அகலத்துக்கு நடுப்பகுதியை மட்டும் காட்டும். குழந்தைகளுக்கான ரெட்கேம் போன்ற அகலக் கோணக் கேமரா 130 டிகிரி வரை எடுக்கும். "படத்தில் ஒன்றுமில்லை" என்று சொன்னால் எந்தக் கேமரா, ஓரம் பார்த்தார்களா என்று கேளுங்கள். பச்சைக் குழந்தையில் கட்டி முதலில் நடுப்பகுதியில் தோன்றும், மாதங்கள் போகப் போகத்தான் ஓரத்தில் வரும். கடைசி ஓரத்தைப் பார்க்க வெளியிலிருந்து கண்ணை மெல்ல அழுத்திச் சுழற்ற வேண்டும், அதற்கு மயக்கம் தேவை.

விழித்த நிலையில் எடுக்கும் சின்னக் குழந்தைக்குக் கடைசிப் பால் ஒரு மணி நேரம் முன்பே முடிந்திருக்கட்டும், அழும்போது கக்கிவிடும். பாப்பா விரிய டிராபிகமைடும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சொட்டு மருந்து விடுவார்கள். பெரியவர்களுக்கான புட்டியில் ஃபினைலெஃப்ரின் 5 சதவீதம் இருக்கும். அதைச் செயற்கைக் கண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து 2.5 ஆக்கியே குழந்தைக்கு விட வேண்டும், இல்லையென்றால் ரத்த அழுத்தம் ஏறும். 10, 15 நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை விட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் கண்ணின் உள்முனையை விரலால் அழுத்தி, கன்னத்தில் வழிவதைத் துடைத்துவிடுங்கள். நம் பிள்ளைகளின் கருங்கண்ணில் பாப்பா மெதுவாகத்தான் விரியும், அவசரப்படுத்தாதீர்கள்.

பிறகு மரத்துப்போகும் சொட்டு விட்டு, கை கால் சேர்த்துத் துணியில் சுற்றி, இமையைக் கம்பி கொண்டு விரித்து, ஜெல் வைத்து லென்ஸை மேலே வைப்பார்கள். ஜெல்லில் குமிழி இருந்தால் படத்தில் வட்ட நிழல் விழும். லென்ஸை அழுத்தினால் ரத்தக்குழாய்கள் வெளுக்கும், நாடித்துடிப்பும் குறையும். பாப்பா போதிய அளவு விரியாவிட்டால் ஓரம் கறுத்து நிற்கும். சின்னக் கட்டி சாம்பல் நிறத்தில் அரைகுறையாகத் தெரியும் மங்கல்தான், கலங்கிய படத்தில் அது தப்பிவிடும். நடு, மேல், கீழ், மூக்குப் பக்கம், காதுப் பக்கம் என ஐந்தும் தெளிவாக வராவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லத் தயங்காதீர்கள்.

மயக்கம் கொடுத்து எடுப்பதற்கு மதுரை போகிறீர்கள் என்றால், ரோட்டிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். தாய்ப்பால் 4 மணி நேரம் முன்பும், மாட்டுப்பால், புட்டிப்பால், இட்லி முதலானவை 6 மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். வழியில் அழுகிறது என்று ஒரு வாய் கொடுத்தாலும் அன்று மயக்கம் தர மாட்டார்கள். சளி, காய்ச்சல் இருந்தால் கிளம்பும் முன்பே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

ஒரு பிள்ளைக்கு வந்திருந்தால் அடுத்த பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே பரிசோதனை வேண்டும். ஆபத்து அதிகம் என்று தெரிந்த குழந்தைக்கு முதல் 8 வாரம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஒரு வயது வரை மாதம் ஒருமுறை. இந்தக் கட்டிக்குக் காரணமான ஆர்பி1 மரபணுவின் சோதனையில் அந்தக் குடும்பத்து மாற்றம் தெரிந்து, இந்தக் குழந்தையிடம் அது இல்லை என்று உறுதியானால் இத்தனை பரிசோதனையும் மயக்கமும் தேவைப்படாது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று தாயைக் குறை சொல்வது தவறு. உறவில் மணந்தால் கூடுகிற நோய்கள் வேறு, இது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. இரண்டு கண்ணிலும் வந்த குழந்தைகள் பலருக்கு அது பெற்றோரிடம் இல்லாத புது மாற்றமே.

"கண்ணை எடுத்துவிடுவார்கள்" என்ற பயத்தில் நாள் தள்ளுவதுதான் பெரிய வேதனை. 3 மில்லிமீட்டருக்குள், பார்வையின் மையத்தையும் நரம்பையும் விட்டு விலகியிருக்கும் கட்டியை லேசராலோ உறைய வைத்தோ கண்ணைக் காப்பாற்றியே அழிக்க முடிகிறது. ஒவ்வொரு முறையும் மூலப் படங்களை, வலமா இடமா, என்ன தேதி என்ற குறிப்போடு பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். காகிதத்தில் அச்சடித்ததை வைத்து அடுத்த மாதம் ஒப்பிட முடியாது.