துப்பாக்கியால் அடித்தவர்கள்

அக்டோபர் 11, சனி

அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டூம்ஸ்டோன் ஊரில், போலீஸ்காரர்களான எர்ப் சகோதரர்களுக்கும் மாட்டுக்காரர் கூட்டம் ஒன்றுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டை பற்றிய 1881ஆம் வருட விசாரணைச் சாட்சியங்களை இந்த வாரம் படிக்க ஆரம்பித்தேன். சண்டை நடந்தது அரை நிமிடம். நீதிபதி வெல்ஸ் ஸ்பைசர் அதை ஏறக்குறைய ஒரு மாதம் விசாரித்திருக்கிறார். சுட்டதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. சண்டைக்கு முன்பு, அதே நாளில், எர்ப் சகோதரர்கள் இருவர் ஆளுக்கு ஒருவரை ரிவால்வராலேயே மண்டையில் அடித்திருக்கிறார்கள். சுடவில்லை, அடித்தார்கள்.

அந்தக் காலத்தில் கான்சாஸின் மாட்டுச் சந்தை ஊர்களில் இது போலீஸ்காரர்களின் வாடிக்கை. மாதக்கணக்கில் மாடு ஓட்டி வந்து, கூலி வாங்கி, குடித்துவிட்டு ரகளை செய்யும் இளைஞனைச் சுட்டுக் கொன்றால் ஊருக்கு வியாபாரம் போகும், அவன் கூட்டாளிகள் பழிவாங்க வருவார்கள். அடித்து மயக்கி லாக்கப்பில் போட்டால் காலையில் அபராதம் கட்டிவிட்டுத் தலைவலியோடு ஊர் திரும்புவான். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, மண்டை தாங்கும்வரை.

அக்டோபர் 14, செவ்வாய்

சினிமாவில் துப்பாக்கியைத் திருப்பி, குழலைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியால் அடிப்பார்கள். யோசித்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். குண்டு போட்ட துப்பாக்கியின் வாய் அடிப்பவன் வயிற்றைப் பார்த்து நிற்கிறது. எர்ப் காலத்து ஆட்கள் கைப்பிடியை விடாமல் குழலால்தான் அடித்தார்கள். அதற்குத் தோதாக 1873இல் வந்த கோல்ட் கம்பெனி ரிவால்வரில், தோட்டாக்கள் இருக்கும் உருளைக்கு மேலே ஓர் இரும்புப் பட்டை ஓடும். அதற்கு முந்தைய கோல்ட்களில் மேலே ஒன்றுமில்லை. குழலையும் மற்ற பாகத்தையும் ஓர் ஆப்புதான் சேர்த்துப் பிடித்திருக்கும். அதால் ஓங்கி அடித்தால் யாருக்குச் சேதம் அதிகம் என்று சொல்வது கடினம்.

அடிக்கவென்றே 12 அங்குலக் குழலோடு ஒரு ரிவால்வரை, சகோதரர்களில் ஒருவரான வயாட் எர்ப்புக்குப் பரிசளித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. 1931இல் வந்த அவரது வாழ்க்கை வரலாற்றில் இருந்து கிளம்பியது அது. ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் பொம்மைக் கடையில் இன்றும் விற்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று படித்ததில் இதுதான் மனதைவிட்டுப் போகவில்லை. 1880 அக்டோபர் கடைசியில், நள்ளிரவு தாண்டி, டூம்ஸ்டோனின் மார்ஷல், அதாவது ஊர்ப் போலீஸ் தலைவர், ஃபிரெட் ஒயிட், கர்லி பில் பிரோசியஸ் என்பவனிடம் துப்பாக்கியைக் கேட்கிறார். வயாட் பின்னாலிருந்து அவனைக் கட்டிப்பிடிக்கிறார். ஒயிட் குழலைப் பிடித்து வெடுக்கென்று இழுக்க, வெடித்துவிட்டது. குண்டு ஒயிட்டின் அடிவயிற்றுக்குக் கீழே பாய்ந்தது. அந்தக் கணமே வயாட் தன் ரிவால்வரால் கர்லி பில்லை மண்டையில் அடித்துச் சாய்த்தார். ஒயிட் இரண்டு நாளில் இறந்தார். இறக்கும் முன், அவன் வேண்டுமென்று சுடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தி பாதி ஏறிய நிலையிலேயே அந்தத் துப்பாக்கி வெடிக்கும் என்று நீதிமன்றத்தில் காட்டினார்கள். கர்லி பில் விடுதலை. அவனை அடித்த வயாட்டே அவனுக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னார்.

ஒரே நிமிடத்தில் இரண்டு துப்பாக்கிகள். இழுபட்டதால் ஒன்று வெடித்தது. மண்டையில் மோதியும் மற்றது வெடிக்கவில்லை. திறமை என்பார்கள். எனக்கு அதிர்ஷ்டமாகத்தான் படுகிறது. அந்தக் காலக் கோல்ட்டில் சுத்தி தோட்டாவின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறையில் ஐந்தைத்தான் நிரப்பினார்கள். 1876 ஜனவரியில் கான்சாஸின் விச்சிட்டாவில், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த இதே வயாட்டின் உறையிலிருந்து ரிவால்வர் நழுவி, சுத்தி நாற்காலியில் இடித்து வெடித்திருக்கிறது. குண்டு அவர் கோட்டைத் துளைத்துக்கொண்டு போனதாக ஊர்ப் பத்திரிகை கிண்டலாக எழுதியது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பட்டாசு இல்லாத ஊரில் வெடிச் சத்தத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எட் மாஸ்டர்சன், கான்சாஸின் டாட்ஜ் சிட்டி மார்ஷல், 1878 ஏப்ரல் 9. குடித்திருந்த மாட்டுக்காரன் ஒருவனை அடிக்காமல் துப்பாக்கியை வாங்கி, அவன் முதலாளியிடம் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி அவன் கையில். இரண்டாவது முறை பறிக்கப்போன இழுபறியில் வயிற்றில் குண்டு. துப்பாக்கி உடம்போடு ஒட்டியிருந்ததால் அவர் உடையில் தீப்பற்றியது. எரியும் உடையோடு தெருவைக் கடந்து நடந்துபோய்ச் சரிந்தார். அடிப்பதை நியாயப்படுத்துகிறவர்களுக்கு இவர் ஒரு நல்ல சாட்சி. என்னால் மறுக்க முடியவில்லை.

அக்டோபர் 25, சனி

அந்த ஊர்த் திருவிழாக் கூட்டம் ஓய்ந்த பிறகு இன்று டூம்ஸ்டோன் போய் வந்தேன். டூசானிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள். ஒரு கடையில் அந்தக் கோல்ட்டின் இத்தாலிய நகலைக் கையில் தந்தார்கள். ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். முன்பக்கம் கனம், குழல் தானாகத் தாழ்கிறது. சுத்தியைப் பின்னால் இழுத்தால் நான்கு முறை டிக் டிக் என்று சத்தம். கைப்பிடி வழவழப்பான மரம், உள்ளங்கையில் லேசாக உருளும். இதை வீசும்போது விரல் விசைக்குப் போகாமல் இருக்க வேண்டும், எதிராளி குழலைப் பற்றாமல் இருக்க வேண்டும், அதுவும் இருட்டில், சாராய வாடையில். மேசைமேல் திருப்பி வைத்துவிட்டேன்.

இன்றைய போலீஸ் துப்பாக்கி பாதிக்குப் பாதி பிளாஸ்டிக், எடையும் குறைவு. அமெரிக்காவில் பல காவல்துறைகள் துப்பாக்கியால் தலையில் அடிப்பதை உயிர் போகக்கூடிய பலப்பிரயோகமாகவே வைத்திருக்கின்றன.

அக்டோபர் 26, ஞாயிறு

சண்டை நடந்த நாள் இதேதான், 1881. ஊருக்குள் ஆயுதம் ஏந்தக் கூடாது என்று விதி இருந்தது. எர்ப்களின் எதிர்க் கூட்டத்தைச் சேர்ந்த ஐக் கிளான்டன் ரைஃபிளும் ரிவால்வருமாகத் திரிந்தான். வயாட்டின் அண்ணன் விர்ஜில் எர்ப் ரைஃபிளைப் பிடித்தார், அவன் ரிவால்வருக்குக் கை கொண்டுபோனான், மண்டையில் அடித்து மண்டியிட வைத்தார். கோர்ட்டில் 25 டாலர் அபராதம். இது புரிகிறது.

கோர்ட் வாசலில் ஐக்கின் கூட்டாளி டாம் மக்லாரிக்கு நடந்தது புரியவில்லை. அவன் இடுப்பில் துப்பாக்கி வெளியே தெரிந்தது, ஆனால் எடுக்க முயலவில்லை என்று வயாட்டே சொல்கிறார். இடது கையால் அறைந்து, எடுத்துச் சுடு பார்க்கலாம் என்று சவால் விட்டு, பதில் வராததும் ரிவால்வரால் தலையில் அடித்துவிட்டு நடந்து போய்விட்டார். பார்த்துக்கொண்டிருந்த கசாப்புக் கடைக்காரர் டாமிடம் ஆயுதமே பார்க்கவில்லை என்கிறார். துப்பாக்கி இருந்திருந்தால் பறித்து, கைது செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் அடித்தது எதற்கு? இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது, சண்டையில் சுடப்பட்டு டாம் செத்துக் கிடந்தான். விசாரணையில் இந்தக் கேள்வியை வயாட்டிடம் யாரும் கேட்க முடியவில்லை. அவர் எழுதிக் கொண்டுவந்த வாக்குமூலத்தைப் படித்தார், குறுக்கு விசாரணை கிடையாது. அரிசோனா சட்டம் அதற்கு இடம் கொடுத்தது.