நானும் 71-ஆம் நம்பரும்

"ஹாக்கியா? இங்கே அது பெண்கள் ஆட்டமாச்சே!" என்று கீழ்வீட்டு அம்மையார் சொன்னார். பாஸ்டனுக்கு வந்த புதிது. பள்ளிக்கூடத்தில் ஹாக்கி ஆடியிருக்கிறேன் என்று ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன்.

கோவில்பட்டிக்காரியிடம் சொல்கிற பேச்சா இது? கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் போக எங்களுக்கென்று இருப்பதே ஹாக்கிதான். டோர்னமென்ட் நடந்தால் ஊரே மைதானத்தைச் சுற்றித்தான் நிற்கும். மாரீஸ்வரனும் கார்த்தியும் அங்கே பயிற்சி எடுத்துத்தான் 2022-இல் இந்திய அணிக்கு ஆடப் போனார்கள். அம்மையார் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் புல்தரை ஹாக்கி பெண்களுக்கு மட்டும்தான் உண்டு. நன்றாக ஆடினால் படிப்புச் செலவையே கல்லூரி ஏற்றுக்கொள்ளும். எனக்குச் சுருக்கென்றது அதில்தான். பத்தாவது முடிந்ததும் "போதும், பொம்பளப் பிள்ள" என்று மட்டையை வாங்கிப் பரண்மேல் போட்டார்கள் எங்கள் வீட்டில். இது பெண்கள் ஆட்டமாம் என்று அன்றைக்கு யாராவது அப்பாவிடம் சொல்லியிருக்கலாம்.

என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, "நிஜ ஹாக்கி காட்டுகிறேன் வா" என்று ஒரு வெள்ளிக்கிழமை அகானிஸ் அரங்கத்துக்கு அழைத்துப் போனார். காமன்வெல்த் அவென்யூவில் பச்சை டிராம் போகிற வழியிலேயே இருக்கிறது. பாஸ்டன் பல்கலைக்கழக அணியின் சொந்த அரங்கம், ஆறாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். கிரேக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் பிறந்து, இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆடிப் பேர் வாங்கி, 26 வயதிலேயே இறந்துபோன ஹாரி அகானிஸின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். வெளியே உறையும் குளிர். அதற்குப் பயந்து உள்ளே ஓடினால் அங்கேயும் பனிக்கட்டி, அதற்குக் காசு வேறு. என் கோட்டில் பெருங்காயத் தாளிப்பு வாசம். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளிப்பாரோ என்று ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். அவரோ எதிரணியைக் கெட்ட வார்த்தையில் பாட்டாகத் திட்டுவதில் மும்முரமாக இருந்தார். அப்புறம் தெரிந்தது, மாணவர் பகுதி முழுக்க அதே பாட்டுதான்.

பனிக்கட்டித் தரையில் சறுக்கி ஆடும் இந்த ஹாக்கி எனக்கு முதலில் பிடிக்கவில்லை. முக்கால் நிமிஷம் ஓடுகிறார்கள், பிறகு வேலி தாண்டிக் குதித்து உட்கார்ந்துகொள்கிறார்கள். நாங்கள் வெயிலில் முழு ஆட்டமும் ஓடுவோம். மட்டையின் இரண்டு பக்கத்தாலும் அடிக்கிறார்கள்; எங்கள் ஆட்டத்தில் ஒரு பக்கத்தால்தான் அடிக்கலாம், எங்கள் பி.டி. மாஸ்டர் பார்த்திருந்தால் நிமிஷத்துக்கொரு விசில் ஊதியிருப்பார். குறை கண்டுபிடித்தபடியே இருந்தவள் 71-ஆம் நம்பரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

மேக்லின் செலிப்ரினி. வயது 17. அந்த ஆண்டு அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியிலேயே வயதில் குறைந்தவன் அவன்தான், மற்றவர்களில் பலர் இருபதைத் தாண்டிய தாட்டியான ஆட்கள். கல்லூரி ஆட்டத்தில் முகம் முழுக்க மூடும் காப்பு கட்டாயம் என்பதால், கம்பிக் கூண்டுக்குள் ஆள் எப்படி இருப்பான் என்றே தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் அந்த மணிக்கட்டு. பந்துக்குப் பதில் இங்கே உருள்வது பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டு. அது மட்டைக்கு வருவதும் வலைக்குள் போவதும் ஒரே அசைவு. நடுவில் நிறுத்திப் பார்ப்பது, தட்டிச் சரிசெய்வது ஒன்றும் கிடையாது. அதோடு இடது கைப் பக்கம் ஆடுகிறவன். எங்கள் ஆட்டத்தில் இடது கைக்காரருக்கென்று மட்டையே கிடையாது. என் கூட ஆடிய முத்துமாரி இடது கைக்காரி. கையை மாற்றிப் பிடிக்கச் சொல்லிச் சொல்லியே அவளை அழவைத்தார்கள்.

அவனும் நானும் 2023 இலையுதிர் காலத்தில் ஒன்றாக பாஸ்டன் வந்து இறங்கியவர்கள். அவன் பிறந்து வளர்ந்தது கனடாவில், வான்கூவர் பக்கம். அப்பா விளையாட்டு வீரர்களுக்கான இயன்முறை மருத்துவர். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கூடைப்பந்து அணி வேலைக்காகக் குடும்பத்தோடு கலிஃபோர்னியா போனார். பையன் அங்கே சான் ஹோசே ஜூனியர் ஷார்க்ஸ் என்ற சிறுவர் அணியில் ஆடி, பிறகு மினசோட்டாவில் விடுதிப் பள்ளி, சிகாகோ ஸ்டீல் என்ற இளையோர் அணி என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தவன். புது ஊர் அவனுக்குப் பழகிப்போன விஷயம். நான் இவர் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள், வேலை பார்க்க அனுமதி கிடையாது. பொழுது போகாமல் அவனோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். நான் நிலவறையில் இருக்கும் துணி உலர்த்தும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் அவன் 38 ஆட்டத்தில் 32 கோல் போட்டுவிட்டான்.

ஆனால் அணி? அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பிப்ரவரியில் இங்குள்ள நாலு கல்லூரிகளுக்குள் பீன்பாட் போட்டி. ஜெயித்தால் நிஜமாகவே பானைதான் கோப்பை. இறுதி ஆட்டத்தில் நார்த்ஈஸ்டர்னிடம் 4-3 என்று தோல்வி, அதுவும் கூடுதல் நேரத்தில். மார்ச்சில் ஹாக்கி ஈஸ்ட் என்கிற வட்டாரக் கல்லூரி லீக்கின் இறுதி ஆட்டம்: பரம எதிரியான பாஸ்டன் கல்லூரியிடம் 6-2. ஏப்ரல் 11 அன்று மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் தேசிய அரையிறுதி, டென்வரிடம் 2-1, மறுபடியும் கூடுதல் நேரம். ஒரே ஒரு கோல் விழுந்தால் எல்லாம் முடிந்தது என்கிற விதியை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ. நான் ரிமோட்டை சோபாவில் எறிந்தேன். இவர், "உனக்கு இந்த ஊர் செட் ஆயிடுச்சு போல" என்றார்.

அடுத்த நாளே அதே ஊரில் கோட்டு சூட்டோடு ஹோபி பேக்கர் விருது வாங்கினான் பையன். கல்லூரி ஹாக்கியில் அதற்கு மேல் விருது இல்லை. முதலாண்டு மாணவர்களில் அதுவரை மூன்று பேர்தான் வாங்கியிருந்தார்கள்: 1993-இல் பால் கரியா, 2015-இல் இதே பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜாக் ஐகல், 2023-இல் ஆடம் ஃபான்டில்லி. இத்தனை சின்ன வயதில் யாருமே வாங்கியதில்லை. அன்றுதான் முதல்முறையாகக் கூண்டில்லாத முகத்தைக் கவனித்துப் பார்த்தேன். மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. முந்தின இரவு தோற்றது கண்ணில் அப்படியே இருப்பதாக எனக்குப் பட்டது. அம்மையார் அதெல்லாம் இல்லை என்றார்.

ஜூனில், தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில், முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்து சான் ஹோசே ஷார்க்ஸ் அவனைக் கொண்டுபோனது. ஒரு வருஷத்தில் வேலையை முடித்துக்கொண்டு அவன் போய்விட்டான். நான் இருக்கிறேன். பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பொய்யில்லை, ஜனவரியில் ஐஸ்காபி குடிக்கிறேன், அகானிஸில் அந்தக் கெட்ட பாட்டும் மனப்பாடம். ஆனால் இடைவேளையில் ஜம்போனி வண்டி வந்து வெந்நீர் விட்டுப் பனித்தரையை வழுவழுப்பாக்கும்போது எனக்கு எங்கள் மைதானம் வந்துவிடும். மேட்ச்சுக்கு முன்னால் தண்ணீர் தெளிப்பார்கள், கரிசல் வாசம் குப்பென்று ஏறும். மிச்ச ஆட்டத்தில் யார் கோல் போட்டார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

சான் ஹோசே ஆட்டம் அங்கே ராத்திரி ஏழுக்குத் தொடங்கினால் பாஸ்டனில் பத்து மணி, குளிர்காலத்தில் கோவில்பட்டியில் காலை எட்டரை. அம்மா இட்லிக் கடையை முடித்துவிட்டுக் கூப்பிடுகிற நேரம். அவன் முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டதும், இடுப்பில் அடிபட்டுச் சில வாரம் உட்கார்ந்ததும், திரும்பி வந்து முதல் சீசனை, போட்ட கோலும் போட உதவிய கோலும் சேர்த்து, 63 புள்ளியோடு முடித்ததும் அம்மாவுக்கு அத்துப்படி. ஷார்க்ஸ் அந்த வருஷமும் கடைசி இடம்தான்.

"நல்லா ஆடுத பிள்ளையக் கொண்டுபோயி தோக்குற டீம்ல எதுக்குப் போட்டாக?"

"அப்படித்தாம்மா இங்க விதி. கடைசியில் இருக்குற அணிக்குத்தான் முதல்ல ஆள் எடுக்க வாய்ப்பு அதிகம். வர்ற பையன் வந்து தூக்கி நிறுத்தணும்."

"பொண்ணக் கட்டிக்குடுக்குற மாதிரின்னு சொல்லு."

"அவனுக்குச் சம்பளம் உண்டும்மா."

"அதையும் நான்தான் சொல்லணுமா?" என்றாள் அம்மா.