மாடிப்படிகிட்ட போய்ப் பேசு

"மிஸ், ஸ்பீக்கர் போடாம பேசிக்கட்டுமா?"

"சரி, மாடிப்படிகிட்ட போய்ப் பேசு."

நடந்தது இவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள், நான் சரி என்றேன். அதன் பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் இந்த ஒரு 'சரி'தான் காரணமா என்று இன்னமும் எனக்குப் புரியவில்லை.

எங்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்குப் பேசும் நேரம். என் போனில்தான் பேச வேண்டும், என் மேசைக்கு முன்னால் நின்றுதான் பேச வேண்டும், ஸ்பீக்கரும் போட்டிருக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்த காப்பாளர் காலத்திலேயே வந்த வழக்கம் இது. மாமா என்று சொல்லிக்கொண்டு யார் யாரோ பேசினார்கள், அதனால்தான் என்று சொன்னார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனாலும் வரிசையில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, "நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்மா" என்று ஒவ்வொருத்தியும் ஒரே மாதிரி சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் ஞாபகம் வரும்.

அம்மா 1964-இல், பதினோரு வயதில், திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் போர்டிங்கில் சேர்ந்தவள். தாத்தா பனையேறி. பனைப் பருவம் தொடங்கிவிட்டால் வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகள் பதநீர் காய்ச்ச உட்கார வேண்டும். பிறகு பள்ளிக்கூடமாவது ஒன்றாவது. அதற்காகவே சர்ச் உபதேசியார் சொல்லி அவளைப் போர்டிங்கில் விட்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, பெயர் வெட்டிய ஒரு தட்டு, ஒரு தம்ளர். காலையில் மணி, ஜெபம், கஞ்சி. கேர் நிறுவனம் அனுப்பிய பால்பவுடரைக் கரைத்துக் கொடுத்த பாலின் வாடை இன்றைக்கும் அவளுக்கு ஆகாது.

வீட்டுக்கு மாதம் ஒரு தபால் கார்டு எழுதலாம். எழுதியதை மேட்ரனிடம் காட்ட வேண்டும். "தேவ கிருபையால் நான் சுகமாயிருக்கிறேன், உங்கள் சுகத்தை அறிய ஆவல்" என்று தொடங்க வேண்டும். சேர்ந்த புதிதில் அம்மா அதற்குக் கீழே, "எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை, அய்யா வந்து கூட்டிக்கொண்டு போகவும்" என்று எழுதிவிட்டாள். மேட்ரன் படித்துப் பார்த்தார், திட்டவில்லை. கார்டை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, இன்னொரு கார்டை எடுத்துக் கையில் கொடுத்தார். அதிலும் 'சுகம்' என்றே எழுத வேண்டியிருந்தது.

சின்ன வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு பிள்ளை தன் அம்மாவிடம் சொல்வதை மூன்றாவது ஆள் கேட்கக் கூடாது என்பது எனக்குள் அப்போதே ஊறிப்போனது. பயிற்சிகளிலும் அதையேதான் சொல்கிறார்கள். பிள்ளைக்கு மனம்விட்டுச் சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சுவரில் எழுதிப் போட வேண்டும் என்கிறார்கள். எழுதித்தான் போட்டிருக்கிறோம். ஆனால் போன் என் மேசையில் இருக்கிறது. அதனால் அந்தப் பிள்ளை கேட்டதும் யோசிக்காமல் சரி என்றேன். உண்மையைச் சொன்னால், கேட்டாளே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவளுடைய அப்பா அம்மா பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போனவர்கள். எங்களிடம் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். மழைக்காலம் வரும்வரை வீடு பூட்டித்தான் கிடக்கும், பிள்ளைக்கு வீடு என்றால் விடுதிதான்.

கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து போனைக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன் துப்பட்டா நுனியால் திரையைத் துடைத்தாள், இரண்டு முறை. அப்புறமும் ஓரத்தில் ஈரம் இருந்தது. "என்னம்மா, எல்லாம் சரியா?" என்றேன். "சரி மிஸ்" என்றாள். அடுத்த பிள்ளை நின்றுகொண்டிருந்தது, போனை அவளிடம் கொடுத்தேன்.

அந்த வாரமே அவள் மாமா வந்தார். பெற்றோர் கொடுத்த பட்டியலில் அவர் பெயரும் போட்டோவும் இருந்தன. அவளுடைய அம்மாவிடம் போனில் கேட்டேன், "ஒரு வாரம் அனுப்புங்க மிஸ், கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்ல" என்றார். பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். விதிப்படி இதில் ஒரு குறையும் இல்லை. ஒரு வாரம் ஒரு மாதம் ஆனது. தலைமையாசிரியை பேசினார், நான் பேசினேன், 1098-க்கும் சொன்னேன். போய்ப் பார்த்திருக்கிறார்கள். "நான் வேலைக்கு வரல, தம்பியைப் பார்த்துக்கத்தான் வந்தேன். யாரும் கூப்பிடல, நானாத்தான் வர்றேன்னு சொன்னேன்" என்றாளாம்.

நானாகத்தான் வருகிறேன் என்று அவள் சொன்ன இடம் எங்கள் மாடிப்படி. இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. என் மேசைக்கு முன்னால் நின்றிருந்தால் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்திருக்காது. சூளையில் கல் அறுத்துக்கொண்டே குழந்தையைப் பார்க்க முடியாமல் தவிக்கும் தாயும், மிஸ் கேட்கிறாரே என்று அழாமல் இருந்திருப்பார். இரண்டு பேரும் நல்லா இருக்கோம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருப்பார்கள். அவள் பத்தாம் வகுப்புக்கு வந்திருப்பாள்.

இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு நாளாயிற்று. என் பக்கம்தான் பேசுவாள் என்று நினைத்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"போனை ஏன்ட்டி தனியா குடுத்த?"

"என்னம்மா இப்படிக் கேக்க? உன் கார்டைக் கிழிச்சதை இன்னைக்கு வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதியே."

"அழுதேன். கிழிக்காம இருந்தா நான் கருப்பட்டி காய்ச்சத்தான் போயிருப்பேன். எங்கய்யா அழுகைக்குத் தாங்க மாட்டாரு, அடுத்த பஸ்லயே வந்திருப்பாரு."

இத்தனை வருடமாக எனக்கு ஒரு கதையைச் சொல்லிவிட்டு, கடைசியில் அதன் அர்த்தத்தையே மாற்றிவிட்டாளே என்று கோபம் வந்தது. ஆனால் வீடு பிள்ளையைத் திரும்ப இழுத்துவிடும் என்று யோசித்துத்தான் மிஷன் போர்டிங்கே உண்டானது. 1824-இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய உடுவில் போர்டிங்கில் படித்து முடித்த பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தார்கள். பாதியில் வந்து கூட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதே கவலை. வீட்டின் இழுப்பு எவ்வளவு பலமானது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாங்களும் ஒரு பிள்ளைக்கு மாதம் 1,400 ரூபாயில் சாப்பாடு போட்டு அதே இழுப்போடுதான் மல்லுக்கட்டுகிறோம். மேட்ரன் அந்தக் கார்டைக் கிழித்தது கொடுமை என்று நினைத்தவள், இப்போது அவருக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நினைத்த மறுநிமிடம் அது எனக்கே பிடிக்காமல் போகிறது.

ஏனென்றால் அம்மாவே அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாள். அவளுக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஒரு பிள்ளை மாதக்கணக்காகக் காய்ச்சலில் கிடந்தது. கார்டில் ஒவ்வொரு மாதமும் சுகம் என்றே எழுதியது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனபோது எலும்பும் தோலுமாய்த்தான் போனது, திரும்பி வரவில்லை. "அவ கார்டை யாரும் கிழிக்கல. கிழிக்கிற மாதிரி அவ எழுதலியே" என்றாள் அம்மா. இதைச் சொன்ன அதே வாயால்தான் போனை ஏன் தனியாகக் கொடுத்தாய் என்றும் கேட்டாள். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்டதற்கு, "எனக்கு என்ன தெரியும், நடந்ததைச் சொல்லுதேன்" என்று முறத்தைத் தட்டினாள்.

பிறகு ஒருநாள் நான் விடாமல் கேட்டேன். கார்டு கிழிந்ததால்தான் படித்தாய் என்றால், கோடை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது ஏன் அங்கேயே தங்கிவிடவில்லை? ஏப்ரல், மே இரண்டு மாதமும் அவள் அடுப்படியில்தான் இருந்திருக்கிறாள். காய்ந்த ஓலையையும் மட்டையையும் தள்ளித் தள்ளி எரித்து, பதநீர் கூப்பனி என்கிற கெட்டிப் பாகாய் இறுகும்வரை கிண்டி, சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது தெறித்ததன் தழும்பு வலது மணிக்கட்டில் காசளவுக்கு இன்னும் இருக்கிறது. ஜூன் மாதம் டிரங்குப் பெட்டியை அவளே எடுத்து வாசலில் வைத்தாளாம். அப்புறம் அந்தக் காலத்துப் பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி., ஆசிரியப் பயிற்சி, வேலை.

"அப்போ நீயாத்தானே திரும்பி வந்த? கார்டைக் கிழிச்சா என்ன, கிழிக்காட்டி என்ன?"

"வந்தேன். வந்தப்ப பேர் இருந்துதுல்லா. ஆனி மாசமே போயிருந்தா பேரை எடுத்திருப்பாங்க."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் விடுதிப் பிள்ளை தானாகப் போனாள், தானாகத் திரும்பியும் வரலாம். சூளைப் புகையும் தம்பியின் அழுகையும் பார்த்த பிறகு அவளுக்கே தோன்றலாம். தோன்றாமலும் போகலாம். எங்கள் அம்மாவுக்கு இறக்கிவைக்க ஒரு கைக்குழந்தை இடுப்பில் இல்லை, அவளுக்கு இருக்கிறது. அதனால் இரண்டையும் ஒப்பிடுவதே தவறோ என்றும் படுகிறது.

போனை இப்போதும் தனியாகத்தான் கொடுக்கிறேன். ஸ்பீக்கர் வழக்கத்தை எடுத்துவிட்டேன். சில பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள், சில பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள். கண் சிவந்து வரும் பிள்ளையை அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறேன். சொன்னால் கேட்கிறேன், சொல்லாவிட்டால் வற்புறுத்துவதில்லை. அன்றைக்கு இதைச் செய்திருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும்? குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆளை என்னால் கொடுக்க முடியாது. சூளைக்குப் பக்கத்து அங்கன்வாடியில் சேர்க்கச் சொல்லி அவள் அம்மாவிடம் பேசிப் பார்த்தேன். "அது மேஸ்திரிய கேக்கணும் மிஸ்" என்றார்.

ஜூன் சேர்க்கைக்குப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டுக் காலியிடம் காட்ட வேண்டும். அந்த ஒரு இடத்துக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் விண்ணப்பம் என் மேசையில் இருக்கிறது. அவளுடைய பெற்றோரும் சூளைக்குப் போகிறவர்கள்தான், இப்போதைக்கு வயதான ஆயாவோடு இருக்கிறாள். இந்தப் பிள்ளைக்கு இடமில்லை என்று எந்த வாயால் சொல்வது? பெயரை எடுக்காதே என்கிறாள் அம்மா. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டு மாவட்ட அலுவலருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை பழைய பெயரை அடிக்காமல் வைத்திருக்கிறேன், புது விண்ணப்பத்தையும் திருப்பி அனுப்பவில்லை.