தொப்பூர் இறக்கத்துக்கு ஒரு ஃபியட்

ரேஸ் கேமில் பழைய செடான் எதைச் சேர்க்கலாம் என்று பேச்சு வந்தாலே மெர்சிடிஸ் 190ஈ எவோ 2, பி.எம்.டபிள்யூ எம்3, லோட்டஸ் கார்ட்டினா என்று மூன்று பெயர்தான் சுற்றிச் சுற்றி வரும். மூன்றும் நல்ல வண்டிகள்தான். எவோ 2 மொத்தமே 502 வண்டி. 1964-இல் ஜிம் கிளார்க் பிரிட்டிஷ் சலூன் கார் பட்டத்தைத் தட்டியது கார்ட்டினாவில். ஆனால் அந்த முதல் எம்3-க்கும் கார்ட்டினாவுக்கும் இரண்டே கதவு. நம்ம ஊர்க் கணக்கில் அதெல்லாம் செடானில் சேர்த்தியில்லை. என் ஓட்டு, பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட் 1100-க்கு.

1089 சிசி, நாலு சிலிண்டர், ஏறத்தாழ 40 குதிரைத்திறன், 895 கிலோ. பின்சக்கர ஓட்டம், நாலு கியர், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர் கம்பி, நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். படிக்கும்போது டாக்ஸி ஞாபகம்தான் வரும். ஆனால் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், சென்னைக்காரர்கள் பல வருடம் ரேஸ் விட்டது இந்த மாதிரி வண்டிகளை வைத்துத்தான். 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும்வரை நம் பக்கத்து ரேஸ் என்றால் சோழவரம்தான்.

மெதுவான வண்டியை எதற்குக் கேட்கிறாய் என்பார்கள். வளைவில் 10 கிலோமீட்டர் வேகத்தை வீணாக விட்டுவிட்டால் எவோ 2-இல் அடுத்த நேர்ரோட்டில் மிதித்து மீட்டுவிடலாம். ஃபியட்டில் அந்த 10 அடுத்த வளைவு வரைக்கும் திரும்பி வராது. சுவாரஸ்யமே அதில்தான் இருக்கிறது. முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர்ப் பற்களின் வேகத்தைத் தானே ஒத்துவைக்கும் பாகம்) கிடையாது என்பதையும் கேமில் விட்டுவிடக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் அவசரத்துக்கு முதல் கியரைத் திணித்தால் பல் நறநறக்க வேண்டும். கிளட்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் ஆக்சிலேட்டரைத் தட்டினால்தான் விழ வேண்டும். பேடில் ஷிஃப்டில் (ஸ்டீயரிங் பின்னால் தட்டி கியர் மாற்றும் முறை) இந்த வண்டியை ஓட்ட விடுவதும் ஒன்று, விடாமலே இருப்பதும் ஒன்று.

மாட் (கேமில் புது வண்டியோ ரோடோ கட்டிச் சேர்ப்பது) செய்பவர்கள் அதிகம் சொதப்புவது பிரேக்கில். பழைய வண்டிதானே என்று பிரேக் விசையை மட்டும் குறைத்துவிட்டுப் போய்விடுவார்கள். டிரம்மின் குணம் அது இல்லை. குளிர்ந்த டிரம் நன்றாகவே கடிக்கும். டிரம்முக்குள் அழுத்தும் பிரேக் ஷூக்களில் முன்னோக்கியதைச் சுழலும் டிரம்மே இழுத்து அழுத்திக்கொள்ளும். கஷ்டம் சூட்டில்தான். 900 கிலோ வண்டியை 100-லிருந்து 40-க்கு இறக்கினால் ஏறத்தாழ 290 கிலோஜூல். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை ஐந்து நிமிஷம் போட்டு வைத்த சூடு அது. மூன்று நாலு விநாடியில் நாலு டிரம்முக்குள் போய் உட்காருகிறது. சூடேறிய டிரம் விரியும், விரிந்தால் ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே போகும். ஷூமேல் ஒட்டிய லைனிங்கின் உராய்வும் கூடவே குறைய, அந்த இழுத்துக்கொள்ளும் குணமும் சேர்ந்து சரியும். ஆகவே வெப்பத்துக்கு ஏற்பப் பிடி குறையும் கணக்கு கேம் ஃபைலில் கட்டாயம் வேண்டும், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக. முதல் வளைவில் நின்ற இடத்தில் ஐந்தாவது வளைவில் நிற்கக் கூடாது.

சோதிக்கத் தொப்பூர் கணவாயை விட நல்ல இடம் கிடையாது. தருமபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் முழுக்க இறக்கம். கட்டமேட்டிலிருந்து இரட்டைப் பாலம் வரை லாரிகள் பிரேக் சூடேறிக் கவிழும் இடம் என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். நியூட்ரலில் இறங்காதே என்று அங்கே சொல்லப்படுவதற்கும் கேம் ஃபைலில் என்ஜின் இழுவை (ஆக்சிலேட்டரை விட்டதும் என்ஜினே வண்டியைப் பிடித்து மெதுவாக்கும் அளவு) எண்ணுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்த எண் சரியாக இருந்தால் மூன்றாவது கியரில் இறங்குகிறவன் பாலம் வரைக்கும் பிரேக்கோடு போவான், நாலாவதில் இறங்குகிறவன் பெடலைத் தேடுவான். (இது கேமில் மட்டும். நிஜ ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஒழுங்காக வாருங்கள்.)

ரோட்டைக் கேமில் கட்டுகிறவர்களுக்கு ஒன்று. செயற்கைக்கோள் உயரத் தரவு 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. கணவாயில் மலையை வெட்டிப் போட்ட ரோட்டில் அந்தப் புள்ளி ரோட்டில் விழாமல் பக்கத்துப் பாறையில் விழும். அப்படியே ஏற்றினால் ரோடு அலை அலையாக வரும், சஸ்பென்ஷனைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ரோட்டின் நடுக்கோட்டு உயரத்தை மட்டும் தனியாக எடுத்துச் சமன் செய்துவிட்டு, பிறகு மலையை ரோட்டோடு ஒட்டுங்கள்.

வண்டிக்குள் வருவோம். அசெட்டோ கோர்ஸா என்ற ரேஸ் கேமில் எழுதும் எடை ஓட்டுநரைச் சேர்த்து, பெட்ரோலைச் சேர்க்காமல். இதை மறந்தால் ஓர் ஆள் எடை காணாமல் போகும். டார்க் (முறுக்கு விசை) பட்டியல் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் அளவு, அதனால் என்ஜின் கணக்கில் 12 முதல் 15 சதவீதம் கழித்துப் போடுங்கள். ரேஸ் வடிவத்துக்கு 60–65 குதிரைத்திறன் போதும். அதற்கு மேல் போனால் அந்த டிரம் பிரேக்குக்கு நியாயமாக இருக்காது.

முன்பக்கம் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடிக்கும் அமைப்பு), பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் வைத்த ஒரே ஆக்ஸில். பின்னதைத் தனித்தனி சஸ்பென்ஷனாகப் போட்டால் வேலை கெட்டது. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது புரொப்பெல்லர் தண்டின் முறுக்கு வலது பின் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். தருமபுரி பக்கத்து வத்தல்மலை ஏற்றத்தில் வலப்பக்கக் கொண்டை ஊசி வளைவில் அதே சக்கரம் உள்பக்கம், ஏற்கெனவே லேசாகியிருக்கும். இரண்டு பின் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் டிஃபரன்ஷியல் லாக் கிடையாது, அந்தச் சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நகராது. இடப்பக்க வளைவில் இவ்வளவு சுற்றாது. இந்த வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் ஃபைல் தப்பு.

டயர் 5.20-14, கிராஸ்பிளை (நூல் அடுக்குகள் குறுக்குமறுக்காகப் போகும் பழைய வகை). இன்றைய ரேடியல் டயர் ஃபைலைக் காப்பியடித்தால் வண்டி ரோட்டில் ஒட்டிக்கொள்ளும். கிராஸ்பிளையில் உச்சப் பிடி பெரிய சறுக்குக் கோணத்தில்தான் (சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது போகும் திசைக்கும் நடுவிலுள்ள கோணம்) வரும், விடுவதும் மெதுவாக விடும். கவிழ்கிறதே என்று ஈர்ப்பு மையத்தைத் தரையோடு இறக்கி வைக்கும் வழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். இந்த வண்டி சாய வேண்டும்.

உடம்பு வரையப் பழைய ஃபியட் வைத்திருப்பவரிடம் கேட்டுவிட்டுப் போட்டோ எடுங்கள். பத்தடியில் நின்று மொபைலில் எடுத்தால் மூக்கு பெருத்து வரும். 10 மீட்டராவது தள்ளி நின்று, ஜூம் செய்து, லென்ஸ் கதவுக் கைப்பிடி உயரத்தில் இருக்கும்படி எடுங்கள். சக்கர மையத்திலிருந்து சக்கர மையத்துக்கு 2340 மில்லிமீட்டர். அதை வைத்து மற்ற எல்லா அளவையும் இழுத்துக்கொள்ளலாம். பானெட்டைத் திறக்கச் சொல்லி பெட்ரோல் பம்பையும் ஒரு படம் எடுங்கள். வெயிலில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோகாமல் இருக்க அதன்மேல் ஈரத்துணி சுற்றுவது அந்தக் காலத்து வழக்கம். அந்தத் துணியும் மாடலில் இருந்தால் எனக்குச் சந்தோஷம்.