மூடிய வால்வில் ஓடிய தண்ணீர்: ஊற்று பைப்புக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் மீட்டர்

ஏற்காட்டில் சித்தப்பாவின் காபித் தோட்டத்துக்கு மேலே ஒரு ஊற்று இருக்கிறது. அங்கிருந்து ஒரு இஞ்ச் பைப்பில், மோட்டார் எதுவும் இல்லாமல், தண்ணீர் சரிவில் இறங்கித் தொட்டிக்கு வருகிறது. பங்குனி, சித்திரையில் வரத்து மெலியும். எவ்வளவு மெலிகிறது என்று பார்த்துத்தான் நாற்றுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுவது என்று அவர் முடிவு செய்வார். முன்பு ஒரு சக்கர மீட்டர் போட்டிருந்தார். சில்வர் ஓக் இலைத் துணுக்கும் மண்ணும் அடைத்து அது நின்றுபோனது. உள்ளே எதுவும் சுழலாத மீட்டர் வேண்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

குழாயின் இரண்டு முனையிலும் ஒலியை அனுப்பவும் கேட்கவும் ஒவ்வொரு சென்சார். ஓட்டத்தோடு போகிற ஒலி கொஞ்சம் முன்னால் போய்ச் சேரும், ஓட்டத்தை எதிர்த்துப் போவது கொஞ்சம் பிந்தும். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வேகத்தைச் சொல்கிறது. என் பைப்பில் இரண்டு சென்சாருக்கும் இடையே 20 சென்டிமீட்டர். ஒலி அதைக் கடக்க ஏறக்குறைய 135 மைக்ரோ நொடி ஆகிறது. தண்ணீர் நொடிக்கு அரை மீட்டர் ஓடினால் வித்தியாசம் சுமார் 90 நானோ நொடி.

சென்சார் என்பது 1 மெகாஹெர்ட்ஸ் பீசோ வில்லை (மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிர்ந்தால் மின்சாரம் தரும்), 2 மில்லிமீட்டர் கனம். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் இரண்டு பித்தளை மூடி கடைந்து வாங்கி, வில்லைகளை அரால்டைட் போட்டு ஒட்டினேன். நேர்க்குழாயின் இரண்டு முனையிலும் ‘T’ வடிவ பைப் இணைப்பு ஒவ்வொன்று. அதன் நேர்வாயில் சென்சார், பக்கவாயில் தண்ணீர். இப்படி வைத்தால் ஒலி குழாயின் நீளத்துக்கே போகும். 25 மில்லிமீட்டர் பைப்பில் குறுக்கே அனுப்பினால் கிடைக்கும் தூரம் போதாது.

மூளைக்கு எஸ்டிஎம்32எஃப்303 என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. அதன் ஏடிசி (மின் அலையை எண்களாக மாற்றும் பகுதி) நொடிக்கு 50 லட்சம் சாம்பிள் எடுக்கும், அதாவது 200 நானோ நொடிக்கு ஒன்று. 90 நானோ நொடியை அளக்க 200 நானோ நொடி இடைவெளி எப்படிப் போதும் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. இரண்டு பக்கத்து அலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்திப் பெருக்கிக் கூட்டினால், எங்கே நன்றாகப் பொருந்துகிறதோ அங்கே ஒரு உச்சி வரும். அந்த உச்சியையும் அதன் இரண்டு பக்கத்துப் புள்ளிகளையும் வைத்து, உண்மையான உச்சி நடுவில் எங்கே விழுகிறது என்று கணக்கிடலாம். பரவளையம் பொருத்தியபோது விடை லேசாக அலைந்தது. உச்சிக்குப் பக்கத்தில் அந்த வளைவு கோசைன் மாதிரிதான் இருக்கும் என்பதால் கோசைனுக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. ஒலியை அனுப்புவதையும் சாம்பிள் எடுப்பதையும் ஒரே டைமரிலிருந்து தொடங்க வேண்டும். நிரலிலிருந்து தனித்தனியாகத் தொடங்கினால் போர்டின் 72 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு துடிப்பு தவறினாலே 14 நானோ நொடி போய்விடும்.

இதற்கெல்லாம் ஒரு வாரம்தான். மீதி மூன்று வாரமும் பூஜ்ஜியத்தோடு போனது.

வால்வை மூடினால் மீட்டர் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். நொடிக்கு 4 சென்டிமீட்டர் காட்டியது. கேட்கச் சின்னதாக இருக்கிறது. கணக்குப் போட்டால் மூடிய வால்வு வழியாக நாளொன்றுக்கு 1,700 லிட்டர் ஓடுகிறது! அந்த 4-ஐக் கழித்துவிட்டால் போதும் என்று நினைத்துக் கழித்தேன். வெயில் ஏறியதும் அது 6 ஆனது, சாயங்காலம் 3. நிலையாக நிற்காததைக் கழித்து என்ன பயன்?

கடைசியில் இரண்டு அலைகளையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு மூன்று சுழற்சி அச்சாகப் பொருந்தின. ஐந்தாவது, ஆறாவதில் பிரிய ஆரம்பித்தன. ஓட்டமாக இருந்தால் மொத்த அலையும் சேர்ந்து நகர்ந்திருக்கும், வடிவம் மாறாது. ஆக, கோளாறு தண்ணீரில் இல்லை, சர்க்யூட்டில்.

ஒரே பாக்கெட்டில் வந்த இரண்டு வில்லைகளும் அச்சு அசலாக ஒன்றில்லை. அதிர்வெண் கொஞ்சம் தள்ளியிருக்கும், சூட்டுக்கு அதுவும் மாறும். ஆனால் அனுப்பும்போதும் கேட்கும்போதும் ஒவ்வொரு வில்லையும் ஒரே மின்தடையைப் பார்த்தால், இங்கிருந்து அங்கே போகிற அலையும் அங்கிருந்து இங்கே வருகிற அலையும் ஒரே வடிவமாகத்தான் இருக்கும். நான் கேட்கிற பக்கத்துப் பஃபரை (வில்லையை இயக்கும் சிப்) அணைத்து, அந்த வில்லையை எதோடும் சேராமல் அந்தரத்தில் விட்டிருந்தேன். அனுப்பும்போது அதே வில்லைக்கு 220 ஓம். அதுதான் தப்பு. கேட்கும்போதும் பஃபரை அணைக்காமல் பூஜ்ஜிய வோல்ட்டில் பிடித்து வைத்தேன். நிரலில் ஒரே ஒரு வரி. அன்று ராத்திரி வால்வை மூடிவிட்டுக் காலை வரை ஓடவிட்டேன். நொடிக்கு 3 மில்லிமீட்டரைத் தாண்டவே இல்லை. விடிந்ததும் அந்தக் கோட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மலைக்கு எடுத்துப் போனேன். தொட்டி வாயருகே மாட்டியதில் சிக்னலே வரவில்லை. அங்கே பைப் பாதிதான் நிறைகிறது, காற்றுக் குமிழி வந்தால் ஒலி அதைத் தாண்டாது. பைப் எப்போதும் நிறைந்தே இருக்கிற ஒரு பள்ளத்துக்கு இறக்கி மாட்டியதும் அலை தெளிவாக வந்தது.

“மெஷின் சொல்றது இருக்கட்டும் கண்ணு, கேன் என்ன சொல்லுதுன்னு பாரு” என்றார் சித்தப்பா. 20 லிட்டர் தண்ணீர் கேனும் போன் ஸ்டாப்வாட்சும்தான் அவருடைய மீட்டர். கேன் நிறைய 80 நொடி, பைப்பின் அகலத்தை வைத்துக் கணக்கிட்டால் நொடிக்கு 0.51 மீட்டர். என் மீட்டர் காட்டியது 0.55. ஒலிக்கற்றை குழாயின் நடுப்பகுதியை அதிகமாகப் பார்க்கிறது, நடுவில் தண்ணீர் வேகம் கூடுதல், அதனால் 0.93 என்ற பெருக்கலை வைத்தேன். வால்வைப் பாதி மூடி, சித்தப்பாவே ஸ்டாப்வாட்சைப் பிடித்தார். 150 நொடி, கணக்குக்கு 0.272. திருத்திய மீட்டர் 0.274. அவர் இரண்டாம் தடவையும் கேனை நிரப்பிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

கோடை வரத்துக்கு இந்த 0.93 பொருந்தாது. இந்த பைப்பில் வேகம் நொடிக்கு 8 சென்டிமீட்டர் வாக்கில் இறங்கும்போது தண்ணீர் சுழன்று கலப்பதை விட்டு அடுக்கடுக்காக ஓட ஆரம்பிக்கும். அப்போது நடு வேகம் சராசரியைப் போல இரண்டு மடங்கு வரை போகும். சித்தப்பாவுக்கு முக்கியமான மாதமே அதுதான். அடுத்த ஞாயிறு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, கேனை வைத்து ஐந்து இடத்தில் கணக்கு எடுக்கப் போகிறேன். ஒரே பெருக்கலுக்குப் பதிலாக ஒரு அட்டவணை போட வேண்டியிருக்கும்.