பெரியாஸ்பத்திரியும் 11 படுக்கைகளும்

நான் 1971-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது கல்லூரிக்கு வயது 17. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது; எங்களுக்குப் பட்டம் தந்தது மதுரைப் பல்கலைக்கழகம்; இன்றைய பிள்ளைகளுக்குத் தருவது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். கல்லூரியோடு இணைந்த எர்ஸ்கின் மருத்துவமனையும் ராஜாஜி மருத்துவமனை ஆகிவிட்டது. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து கோரிப்பாளையத்தில் இறங்குகிறவர்களுக்கு மட்டும் அது என்றும் பெரியாஸ்பத்திரிதான்.

கல்லூரியின் வளர்ச்சியைப் பற்றி எழுதித் தரும்படி கல்லூரி மலர்க் குழு கேட்டிருக்கிறது. புதுக் கட்டடங்களைப் பற்றி மற்ற நண்பர்கள் எழுதட்டும். நான் கண் வார்டைப் பற்றி எழுதுகிறேன்.

துறைத் தலைவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணலாக முறுக்கிப்போட்டிருந்தது. அந்த விரல்களுக்குள் கத்தி எப்படி இப்படி அடங்கி நிற்கிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். கண்புரை எடுத்தபின் கண்ணுக்குள் வில்லை (லென்ஸ்) வைக்கும் வசதி அன்று எங்களிடம் இல்லை. கட்டுப்போட்ட கண்ணுடன், தலையின் இருபுறமும் மணல் பையை அண்டைகொடுத்து, அசையாமல் படுத்திருக்க வேண்டும். பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி.

ஒரு பெரியவருக்கு அந்தக் கண்ணாடியை முதன்முதலாக மாட்டிவிட்டவன் நான். தூக்குவாளியுடன் எதிரே நின்ற மனைவியை வெகுநேரம் பார்த்தார். “தலை எப்போது இப்படி நரைத்தது?” என்று கேட்டார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அழுதார். பார்வை என்றால் என்னவென்று எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை.

1976-இல் வெங்கடசாமி ஐயா 58 வயதில் ஓய்வுபெற்றார். அதே ஆண்டு அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தவர்களும் அவர்களுடைய கணவன் மனைவியரும் துணைக்கு நின்றார்கள். வெளிநாட்டு விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாத கண் வில்லையை 1992 முதல் மதுரையிலேயே அவர்களுடைய ஆரோலேப் நிறுவனம் செய்யத் தொடங்கியது. சோடாபுட்டிக் கண்ணாடியின் காலம் முடிந்தது.

இதையும் நம் கல்லூரியின் வளர்ச்சி என்றே நான் எண்ணுகிறேன். கிராமம் கிராமமாகக் கண் முகாம் போடும் பழக்கத்தை ஐயா அரசுப் பணியில் இருக்கும்போதே வளர்த்துவிட்டார். அரவிந்துக்கு அவர் எடுத்துச் சென்றது பெரியாஸ்பத்திரியில் பழுத்த கை. கல்லூரி வரலாறு எழுதும்போது மதில் சுவரோடு நிறுத்திவிடாதீர்கள் என்று மலர்க் குழுவை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற முறை ஊருக்கு வந்தபோது எனக்கே புரை. அண்ணா நகருக்குத்தான் போனேன். அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தலைமாட்டில் மணல் பை இல்லை.